பாக்டீரியாதான் மழை பெய்ய வைக்கிறதாம், அதுவும் மைனஸ் 2 டிகிரியில்!

காற்றழுத்தம்:
நுண்ணோக்கி என்பவர் வேறொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "மேகத்தில் பாக்டீரியா இல்லாவிட்டால் மழையே கிடையாது, அது மைனஸ் 2 டிகிரியிலேயே நீரை உறைய வைத்துவிடும்" என்று கூசாமல் எழுதியிருக்கிறார், கீழே ஒரே கைதட்டல். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற ஒரு கிருமி உலகத்து மழையை எல்லாம் தலையில் சுமக்கிறதா? வெப்பமண்டலக் கடல் மேல் மழை தரும் பல மேகங்களின் உச்சியே பூஜ்ஜியத்தைத் தொடாது. அங்கே மேகத்துளிகள் மோதி, ஒட்டி, பெருத்து விழுகின்றன. ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளி சேர வேண்டும், அதற்குப் பனிக்கட்டியும் வேண்டாம் பாக்டீரியாவும் வேண்டாம்.

நுண்ணோக்கி:
என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. "மழையே கிடையாது" என்று நான் எழுதவில்லை, "பல இடங்களில் மழை தொடங்காது" என்றுதான் எழுதினேன். சரி, அதை விடுங்கள். கலப்பில்லாத சிறு நீர்த்துளி மைனஸ் 38 வரை உறையாமல் நீராகவே இருக்கும், அதற்கு முன் உறைய வேண்டுமென்றால் உறைதலைத் தொடங்கி வைக்க உள்ளே ஒரு கரு (ஒரு நுண்துகள்) வேண்டும். சாதாரணத் தூசிக்கு மைனஸ் 15 அல்லது இன்னும் கீழே போக வேண்டும். செயற்கை மழைக்குத் தூவும் வெள்ளி அயோடைடுக்கே மைனஸ் 5 பக்கம் வர வேண்டும். சிரிஞ்சேயின் வெளிச்சவ்விலுள்ள புரதம், நீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டி வரிசையில் நிற்க வைத்து, மைனஸ் 2இலேயே வேலையை முடித்துவிடுகிறது. நிலத்தின் மேல் பெய்யும் மழையில் பெரும்பங்கு பனிக்கட்டி வழியாக வருவது என்று 2015இல் செயற்கைக்கோள் தரவே சொல்லிவிட்டது. நீங்கள் இன்னும் கடல் மேலேயே மிதந்துகொண்டிருக்கிறீர்கள்.

காற்றழுத்தம்:
மைனஸ் 2, மைனஸ் 2! இந்த எண்ணை எங்கேயோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். அந்த மைனஸ் 2இல் வேலை செய்வது பத்து லட்சம் செல்லில் ஒன்று, அவ்வளவுதான். மற்றவை மைனஸ் 7, மைனஸ் 8 வரை காத்திருக்கும், அப்போதும் எல்லாம் செய்யாது. நிலத்துக்கு மேல் ஒரு கன மீட்டர் காற்றில் எல்லா வகைப் பாக்டீரியாவும் சேர்ந்து பத்தாயிரம் என்ற அளவில் இருக்கும். அதில் சிரிஞ்சே எத்தனை, அதில் பத்து லட்சத்தில் ஒன்று எத்தனை? கணக்குப் போட்டுவிட்டு வந்து மழை பெய்ய வையுங்கள், குடையோடு காத்திருக்கிறேன்.

இலைச்சருகு:
இருவரும் வரலாற்றைத் தாண்டிப் போகிறீர்கள். இது மேகத்தில் தொடங்கிய கதையே இல்லை. 1972இல் ஷ்னெல், வாலி இருவரும் மக்கிய இலைகளிலிருந்து பனிக்கரு கிடைப்பதைக் காட்டினார்கள், 1974இல் அது இந்தக் கிருமியின் வேலை என்று தெரிந்தது. செடிக்கு உறைபனிச் சேதம் வருவதில் இதற்கும் பெரும்பங்கு உண்டு. ஸ்டீவன் லிண்டோ அந்த மரபணுவை நீக்கிய கிருமியை 1987இல் கலிபோர்னியாவில் உருளைக்கிழங்கு வயலில் தெளித்தபோது எதிர்ப்பாளர்கள் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். செடி நோய் ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்ததை வானிலைக்காரர்கள் ஒருநாளும் மதித்ததில்லை, இன்றும் அதே கதைதான்.

சும்மாவந்தவன்:
ஒரு சந்தேகம். "மழை பெய்ய வைப்பது" என்றால் தொடங்கி வைப்பதா, அதிகமாக்குவதா, அது இல்லாமல் பெய்யவே பெய்யாது என்பதா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையுமே.

நுண்ணோக்கி:
@காற்றழுத்தம் கணக்கு கேட்டீர்கள் அல்லவா? ஹாலெட், மாஸப் 1974இல் காட்டியதைப் படித்ததுண்டா? மைனஸ் 3க்கும் மைனஸ் 8க்கும் நடுவில், விழும் பனிக்குருணை மேல் துளிகள் மோதி உறையும்போது சில்லுகள் தெறிக்கும். ஒவ்வொரு சில்லும் புதுப் பனித்துகள். ஆக, கிருமி ஆயிரக்கணக்கில் வேண்டாம், நாலைந்து தொடங்கி வைத்தால் போதும், மிச்சத்தைச் சில்லுகள் பார்த்துக்கொள்ளும். அந்த வெப்பநிலையில் தொடங்கி வைக்க உங்கள் தூசியால் முடியாது. கிருமி மழையைத் தொடங்கி வைக்கும் என்று டேவிட் சாண்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1982இலேயே சொல்லிவிட்டார். 2008இல் கிறிஸ்ட்னர் குழு அண்டார்டிகா உட்படப் பல இடத்துப் பனியில் உயிர்வழிக் கருக்களைக் கண்டதும் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

காற்றழுத்தம்:
விழுந்த பனியில் கிருமி கிடைத்ததாம், அதனால் கிருமிதான் பனியைச் செய்ததாம்! பேருந்தில் உட்கார்ந்திருப்பவரெல்லாம் ஓட்டுநரா? பனி விழும் வழியில் காற்றில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டுதான் வரும். சில்லு தெறிக்க வேண்டுமென்றாலும் குருணையும் பெரிய துளியும் அதே உயரத்தில் முன்னாலேயே இருக்க வேண்டும், அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். உலகளாவிய கணினி மாதிரிகளில் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பாக்டீரியாவின் பங்கு மிகச் சிறியதாகத்தான் வந்தது. பாலைவனத் தூசியிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம்தான் முக்கியமான கரு என்று 2013இல் 'நேச்சர்' கட்டுரையே இருக்கிறது. இதற்கு என்ன சொல்வீர்கள், ஃபெல்ட்ஸ்பாருக்கும் உயிர் இருக்கிறதா?

குளிர்தட்டு:
இந்த வேலையைக் கையால் செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். உருகிய பனிநீரைத் தட்டின் குழிகளில் சிறு சிறு துளியாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைப்போம். கண்ணாடி போலிருக்கும் துளி ஒரு நொடியில் பால் வெள்ளையாக மாறும், அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்வோம். அதே நீரை 95 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு மறுபடி செய்தால் புரதம் கெட்டுப்போயிருக்கும், துளிகள் முன்பைவிடக் கீழே போய்த்தான் உறையும். அந்த வித்தியாசத்தைத்தான் உயிர்வழிக் கரு என்கிறோம். மைனஸ் 10க்கு மேல் உறைகிற துளிகளில் இந்த வித்தியாசம் பெரிதாகவே தெரிகிறது.

காற்றழுத்தம்:
சில கனிமங்களும் வெந்நீரில் வலுவிழக்கும், அதையும் உயிர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் மைனஸ் 10 என்றுதான் சொல்கிறீர்கள், மைனஸ் 2 என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

குளிர்தட்டு:
நான் யார் பக்கமும் பேசவில்லை.

காற்றழுத்தம்:
பேசியாகிவிட்டது. நுண்ணோக்கி ஐயாவின் பழைய சாதனை இங்கே பலருக்குத் தெரியாது. மழை வாசனை மேகத்திலிருந்து இறங்குகிறது என்று எழுதியவர் இவர்தான். அது மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா செய்யும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் என்று நான் சொன்னதும் பதிவையே அழித்துவிட்டுப் போனார்.

நுண்ணோக்கி:
அழித்தது நானல்ல, மட்டுறுத்துநர். உங்கள் வசைகளால்தான் அந்த இழையே பூட்டப்பட்டது. அதைச் சொல்ல மாட்டீர்களே.

இலைச்சருகு:
ஜியோஸ்மினுக்குப் பின்னாலும் உயிர்தான் இருக்கிறது. அந்த வாசனைக்கு மண்ணிலுள்ள துள்ளுப்பூச்சிகள் வந்து ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்று அதன் வித்துகளைப் பரப்புகின்றன, 2020இல் ஆய்வு வந்தது. வாசனைக்கு ஒரு கிருமியை ஒப்புக்கொள்பவர் மழைக்கு ஏன் முரண்டு பிடிக்கிறார்?

காற்றழுத்தம்:
பூச்சி வந்துவிட்டது, இனித் தவளையும் வரும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஆய்வகத் தட்டில் அல்ல, மேகத்துக்குள்ளே, மைனஸ் 2இல், ஒரு பாக்டீரியா தொடங்கிய மழை. காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

நுண்ணோக்கி:
சூறாவளிகளுக்கு மேல் நாசா விமானம் பறந்து எடுத்த மாதிரிகளில் உயிருள்ள பாக்டீரியா கிடைத்தது, 2013இல் வெளியானது. 8 கிலோமீட்டருக்கும் மேலே!

காற்றழுத்தம்:
8 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 2ஆ? அந்தக் குளிரில் உங்கள் கிருமி எதற்கு, தூசியே போதும். உங்கள் சாட்சியே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது.

நுண்ணோக்கி:
மேலே போகிற கிருமி மைனஸ் 2ஐத் தாண்டித்தானே ஐயா போயிருக்கும்?

காற்றழுத்தம்:
தாண்டித்தான் போனது, உறைய வைக்காமல்! அதைத்தானே நானும் முதல் பதிவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

நுண்ணோக்கி:
முதல் பதிவில் நீங்கள் கத்தியது கடல் மேகத்தைப் பற்றி. போய்ப் படித்துப் பாருங்கள்.