பச்சை நிறப் பிள்ளைகள் கதை: தம்பியின் சாவை எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே, கதைசொல்லிகளின் உதவி வேண்டும்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வுல்பிட் என்றொரு கிராமம். 12ஆம் நூற்றாண்டில் ஓர் அறுவடைக் காலத்தில், ஓநாய் பிடிக்க வெட்டிய குழிகளின் அருகே, உடம்பெல்லாம் பச்சையாக ஓர் அக்காவும் தம்பியும் கிடைத்தார்களாம். பேச்சு யாருக்கும் புரியவில்லை. எதைக் கொடுத்தாலும் தின்னவில்லை. செடியோடு அறுத்து வந்த அவரையைக் கண்டதும் பாய்ந்து வாங்கினார்கள். காயை விட்டுவிட்டுத் தண்டைப் பிளந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லையே என்று அழுதார்கள். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

இதைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லப் போகிறேன். சிக்கல், தம்பி சீக்கிரமே இறந்துவிடுகிறான். அக்கா பச்சை மறைந்து ஊரோடு கலந்துவிடுகிறாள். நியூபர்க் வில்லியம், காகஷல் ரால்ஃப் என்ற அக்கால மடத்து வரலாற்றாசிரியர்கள் இருவருமே அந்தச் சாவை எழுதியிருக்கிறார்கள். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் அக்கா மகளிடம் சொல்லிப் பார்த்தபோது, அந்த இடத்தில் "போதும் சித்தி" என்று எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் என்றால் எப்படிச் சொல்வீர்கள்? கதையில் வரும் அக்காவின் வாயாலேயே சொல்ல வைக்கலாமா? அந்தப் புரியாத பேச்சுக்கு நானாக ஒலிகளை உண்டாக்கலாமா, மௌனமாக விடலாமா? சிறு பிள்ளைகளிடம் இப்படிக் கதை சொல்லிப் பழகியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.