'பேக் அவுட்' என்று எழுதலாமா? அவசர உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, சேர்வதாக மெயிலும் போட்டுவிட்டேன். அதற்குள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, ஊரை விட்டு நகர முடியவில்லை. 'ஐ ஆம் பேக்கிங் அவுட் ஃப்ரம் தி ஆஃபர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த தோழி, "உன்னை நீயே குறை சொல்கிற மாதிரி இருக்கு, அனுப்பாதே" என்கிறாள். அகராதியில் 'பின்வாங்குதல்' என்றுதானே இருக்கிறது? காலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

பதில் 1:
தோழி சொல்வது சரிதாம்மா. பேக் அவுட் என்பது வெறும் விலகல் இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நேரத்தில் மாட்டேன் என்பது. 'ஜகா வாங்கிட்டான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வாடை அதில் உண்டு. வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியவர், பத்திரப்பதிவுக்கு முதல் நாள் விற்க மாட்டேன் என்றால் 'ஹி பேக்டு அவுட்'. பெரும்பாலும் ஏமாந்தவர் சொல்கிற சொல் அது. உங்கள் மெயிலுக்கு 'வித்ட்ரா'தான் பொருத்தம்: 'ஐ ஹாவ் டு வித்ட்ரா மை அக்செப்டன்ஸ்.' விலகிக்கொள்கிறேன் என்ற மரியாதை அதில் இருக்கிறது.

பதில் 2:
இன்னொன்று, பேக் அவுட்டுக்குப் பின் 'ஆஃப்' (of) வர வேண்டும். 'பேக்டு அவுட் ஆஃப் தி டீல்', 'பேக்டு அவுட் ஆஃப் செல்லிங் தி ஹவுஸ்'. தமிழில் 'இலிருந்து' என்று யோசிப்பதால் கை தானாக 'ஃப்ரம்' எழுதிவிடுகிறது. நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதினேன். 'வித்ட்ரா ஃப்ரம்' சரியான பிரயோகம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அப்போ செய்திகளில் வரும் 'புல் அவுட்'?

பதில் 1:
அது ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியேறுவது. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகும் என்று டிரம்ப் 2017 ஜூன் 1 அன்று அறிவித்தபோது, 'புல் அவுட்' என்ற சொல் நிறையவே அடிபட்டது. விலகல் நடைமுறைக்கு வந்தது 2020 நவம்பர் 4-இல்தான். படைகளைத் திரும்பப் பெறுவதற்கும் இதே சொல்தான். 'பேக் டவுன்' வேறு, அது வாக்குவாதத்தில் இறங்கி வருவது.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன்: 'ட்யூ டு மை ஃபாதர்ஸ் இல்னஸ், ஐ ஹாவ் டு வித்ட்ரா மை அக்செப்டன்ஸ் ஆஃப் தி ஆஃபர். ஐ ஆம் சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்.' போதுமா?

பதில் 2:
போதும். எந்த வேலை, எந்தத் தேதியில் சேர வேண்டியது என்பதை மட்டும் முதல் வரியில் சேர்த்துவிடுங்கள். அப்பா சீக்கிரம் குணமாகட்டும்.