புதுப்பிப்பு: பொலிஸ் அடித்த தம்பியின் வழக்குக்கு அனுமதி கிடைத்தது

போன வருசம் கேட்டிருந்தேன்: தம்பியைப் பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்து 3 வாரமாகிவிட்டது, அரசிடம் நட்டஈடு கேட்க வழி உண்டா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஒரு மாதம் முடிய முதல் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுங்கோ என்று ஒரு அக்கா சொன்னதுதான். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறல் வழக்குக்கு உயர் நீதிமன்றத்துக்கு (நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். கொழும்பில் சட்டத்தரணி பிடிப்பதற்குள் அது தாண்டிவிட்டது. ஆனால் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டமான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அந்த மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்திருந்தால் விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

எதிர்பாராதது: முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது என்றார் சட்டத்தரணி. விசாரணை உண்மையாகவே நடக்கிறது என்று கடிதம் வாங்க இரண்டு தரம் அலைந்தோம். அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், விட்ட அன்றே தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தது பெரிய உதவி. உள்ளங்காலில் இருந்த கண்டல்களைச் சட்ட வைத்திய அதிகாரி சின்ன அடிமட்டத்தால் அளந்து ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்.

இப்போது 11ஆம் உறுப்புரை, அதாவது சித்திரவதைக்கு எதிரான உரிமை, மீறப்பட்டதாக வழக்கைத் தொடர அனுமதி கிடைத்திருக்கிறது. நட்டஈட்டை அரசும் கட்டவேண்டும், அடித்தவர்களும் சொந்தப் பணத்தில் கட்டவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். தீர்ப்பு வந்ததும் எழுதுகிறேன்.