சூரசம்ஹாரம் நமக்குள் நடக்கிற போரா?

பாளையங்கோட்டைக்காரன்:
எங்கள் தெருக் கோயிலில் பேச வந்த ஒருவர், சூரன் என்று வெளியே யாரும் இல்லை, சூரபத்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம் (வினை), தாரகன் மாயை, எல்லாம் நம் மனசுக்குள்தான் என்றார். ஆறு நாளும் விரதம் இருக்கும் எங்கள் ஆச்சிக்குக் கோபம். "அப்போ திருச்செந்தூர்ல இவ்வளவு சனம் எதுக்குலே கூடுது?" என்கிறாள். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் எந்தக் கதைக்கும் இப்படி ஒரு பொருளை மாட்டிவிடலாமே, இதற்கு ஒரு அளவுகோல் வேண்டாமா?

தாமிரபரணிக்கரை:
தம்பி, இது புதுசு இல்லை. முப்புரம் எரித்த கதையை அப்படியே நம்புகிறவர்களைத் திருமூலரே மூடர்கள் என்று திட்டிவிட்டு, 'முப்புரமாவது மும்மல காரியம்' என்கிறார். மும்மலம் என்பது உயிரைப் பிடித்த மூன்று அழுக்கு, உங்கள் பேச்சாளர் சொன்ன அதே ஆணவம், கன்மம், மாயைதான். (இதை ஆச்சி காதில் போட வேண்டாம்.)

பேர் பொருந்துகிறதா என்பதை விடுங்கள். கதையின் போக்கு பொருந்துகிறதா என்று பாருங்கள். திருச்செந்தூர்க் கடற்கரையில் ஜெயந்திநாதர் (சூரசம்ஹாரத்துக்கு எழுந்தருளும் முருகன்) முன்னால் சூரன் வரும்போது முதலில் தாரகனின் யானைத்தலை, அது போனதும் சிங்கமுகனின் சிங்கத்தலை, அப்புறம்தான் சூரனின் சொந்தத் தலை. மாயையும் கன்மமும் விழுந்த பிறகும் நிற்பது ஆணவம். அதுதான் உயிரோடு கூடவே இருக்கும் சகச மலம், மற்ற இரண்டும் வந்து சேர்ந்தவை என்பது சைவ சித்தாந்தம். அந்தத் தலையும் போனால் மாமரம். வேல் அதைப் பிளந்தால் ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஆக, சூரன் அழியவே இல்லை. ஆணவமும் முத்தியில் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்கிப்போகிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் இடம் ஒன்று உண்டு. கச்சியப்பரின் கந்தபுராணத்தில், வேல் பிளப்பதற்கு முன்பே சூரனுக்கு முருகன் விசுவரூபம் காட்டுகிறான். அதைப் பார்த்ததும் 'பாலன் என்றிருந்தேன் அந்நாள்' என்று உருகிவிடுகிறான் சூரன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது அவனுக்கு. ஆனால் முருகன் பழைய உருவத்துக்கு வந்த உடனே பழைய கோபமும் வந்துவிடுகிறது, மறுபடி சண்டைக்கு நிற்கிறான். தியானம், விரதம் என்று கொஞ்ச நாள் இருந்து பார்த்த யாருக்கும் இது தெரியும். பேச்சாளர்கள் ஏனோ இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குலசை அக்கா:
அண்ணாச்சி, அப்போ சூரன் ஆண்ட 1008 அண்டம், 108 யுகம், இதுக்கெல்லாமும் உள்ளர்த்தம் இருக்கா? முருகனின் தளபதி வீரபாகு சூரன்கிட்ட தூது போனதுக்கு?

தாமிரபரணிக்கரை:
தூதுக்குச் சொல்லலாம் அக்கா. அழிக்க வந்தவனே முதலில் ஆள் அனுப்பித் திருந்தச் சொல்கிறான், யோசிக்க வேண்டிய விஷயம்தான். 1008 அண்டத்துக்கும் பொருள் சொல்ல ஆள் இருப்பார்கள். நான் அதை அண்டமாகவே விட்டுவிடுவேன். புராணம் பாடியவருக்குப் பிரமாண்டமாகப் பாட ஆசை இருக்காதா?