ஒரே புரொசசர், ரெண்டு ரிவியூ, ரெண்டு ஸ்கோர்: எதை நம்புறது?

உவர்மலை பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். கெம்பஸ் வேலைக்கும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்குக்கும் புது லெப்டொப் ஒண்டு எடுக்கப்போறன், மூண்டு லட்சத்துக்குள்ள. ரெண்டு மாடல் பாத்து வச்சிருக்கன், ரெண்டுக்குள்ளயும் ஒரே புரொசசர்தான். ஆனா ஒரு ரிவியூல சினிபெஞ்ச் (புரொசசர்ட வேகத்த அளக்கிற டெஸ்ட்) மல்டிகோர் ஸ்கோர், அதாவது எல்லா கோரும் சேந்து ஓடுற ஸ்கோர், நல்லா மேல நிக்குது, மத்ததுல அதே சிப்புக்கு எவ்வளவோ குறைவு. கொமெண்ட்ல ஆளாளுக்கு "காசு வாங்கிட்டு போட்ட வீடியோ" எண்டு சண்டை. திருகோணமலைல ரெண்டையும் பக்கத்தில வச்சு பாக்க வழியில்ல, கொழும்புலதான் ஓடர் பண்ணணும், அதால ரிவியூவ நம்பித்தான் காசு போகப்போகுது. இது பொய்யா வேற காரணமா எண்டு எப்பிடி பிரிச்சு பாக்கிறது?

டொக்யார்ட் ரோட் ரிப்பெயார்:
தம்பி, முதல்ல வோட் எவ்வளவு எண்டு பாருங்க. சிப் பேர் ஒண்டா இருந்தாலும் அதுக்கு எவ்வளவு பவர் விடுறது எண்டு முடிவெடுக்கிறது லெப்டொப் செய்றவன்தான், மெல்லிசான மாடலுக்கு குறைச்சு குடுப்பான், பெரிய ஃபேன் உள்ளதுக்கு கூட குடுப்பான். கிராஃபிக்ஸ் கார்டும் அப்பிடித்தான், ஆர்டிஎக்ஸ் 4060 லெப்டொப் கார்டுக்கு என்விடியா குடுத்த அளவே 35 வோட்ல இருந்து 115 வோட் வரைக்கும், பெட்டில ஒரே பேர்தான் இருக்கும். இதை சொல்லாம ரெண்டு மாடல ஒரே கிராஃப்ல போட்டா ஸ்கோர் உண்மையா இருந்தாலும் ஒப்பீடு நியாயமில்ல.

அடுத்தது எவ்வளவு நேரம் ஓட்டினது எண்டது. சினிபெஞ்ச் ஆர்23 சும்மா ஸ்டார்ட் குடுத்தா 10 நிமிசம் திருப்பி திருப்பி ஓடும், சூடு ஏறினாப்பிறகு என்ன நடக்குது எண்டு பாக்கத்தான் அப்பிடி வச்சிருக்கு, ஆனா அதை ஒரேயொரு ரவுண்டுக்கு மாத்தவும் ஏலும். முதல் ரவுண்டுல சிப் முழு வேகத்தில பாயும், கொஞ்ச நேரத்தால பவர் லிமிட் இறங்கும். ஒராள் முதல் ரவுண்டையும் மத்தாள் பத்தாவது நிமிசத்தையும் எழுதினா ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல, ஆனா நீங்க குழம்பித்தான் போவீங்க. நான் ஒரு ரிவியூவ நம்புறதெண்டா எந்த மோட் (சத்தமில்லாத மோடா, முழு வேக மோடா), எத்தின வோட், எவ்வளவு நேரம் எண்ட மூண்டையும் அவர் வாயால சொல்லணும்.

கிண்ணியா நானா:
மேல சொன்னது சரி, ஆனா நிறுவனங்களே வேணுமெண்டு விளையாடினதும் இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2018 ஒக்டோபர்ல இன்டெல் காசு குடுத்து ஒரு கம்பனிட்ட ஐ9-9900கே சிப்ப டெஸ்ட் பண்ணுவிச்சிச்சு. அதில போட்டி கம்பனி ஏஎம்டிட ரைசன் 7 2700எக்ஸ் சிப்ப கேம் மோட்ல போட்டு ஓட்டினாங்க, அந்த மோட் அதிட எட்டு கோர்ல நாலை நிப்பாட்டி வைக்கும், பிறகு என்னத்த கேம்ல போட்டி போடுறது. ரிவியூ செய்றவங்க புடிச்சு கேட்டாப்பிறகு திருப்பி டெஸ்ட் பண்ணினாங்க, இடைவெளி குறைஞ்சிச்சு. என்ன செட்டிங்ல ஓட்டினம் எண்டு அவங்க ரிப்போட்லயே எழுதியிருந்ததாலதான் அது பிடிபட்டது எண்டத கவனிங்க. எழுதாம விட்டிருந்தா ஆருக்கும் தெரிய வந்திராது. 2024லயும் கம்பியூட்டர் வேக டெஸ்டுகள வெளியிடுற ஸ்பெக் அமைப்பு 2600க்கு மேல இன்டெல் சியோன் (சேர்வர் சிப்) ரிசல்ட்ட செல்லாது எண்டு குறிச்சிச்சு, இன்டெல்ட கம்பைலர் (புரோகிராம சிப்புக்கு விளங்கிற மாதிரி மாத்துற சொஃப்ட்வெயார்) அந்த டெஸ்டுக்கெண்டே தனியா வேகம் கூட்டினதெண்டு.

காசு வாங்கினானா இல்லையா எண்டு நாம கண்டுபுடிக்க ஏலாது. செட்டிங்க முழுசா சொன்னானா எண்டு பாக்க ஏலும்.

உவர்மலை பொடியன்:
நன்றி அண்ணா, நன்றி நானா. இன்னொண்டு, ஏசி ரூம்ல டெஸ்ட் பண்ணுறாங்களே, எங்கட வீட்டு சூட்டுக்கு அந்த ஸ்கோர் வருமா?

நிலாவெளி எடிட்டர்:
வராது தம்பி. கச்சான் வீசுற மாசத்தில பகல்ல ஃபேன் மட்டும் போட்ட ரூம்ல இருந்து நான் எடிட் பண்ணுறன், உள்ளுக்க போற காத்தே சூடா இருந்தா சிப் சீக்கிரம் உச்ச சூட்டுக்கு போய் வேகத்த குறைச்சிடும். ரூம் எத்தின டிகிரி எண்டு சொல்ற ரிவியூவர்மார் இருக்காங்க, அவங்கள தேடி பாருங்க. ஏசி ரூம்லயே 95 டிகிரிய தொடுற மெஷின் எண்டா நமக்கு சரிவராது எண்டு வச்சுக்கலாம்.

அதோட வீடியோ எடிட்டிங்குக்கு சினிபெஞ்ச ஏன் இவ்வளவு பாக்கிறீங்க எண்டும் கேக்கணும். அது 3டி ரெண்டர் டெஸ்ட். நாம எக்ஸ்போட் பண்ணேக்க பெரும்பாலும் பெரிய பங்கு வேலைய சிப்புக்குள்ளயோ கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளயோ தனியா இருக்கிற வீடியோ என்கோடர்தான் செய்யும், அதை அந்த ஸ்கோர் காட்டவே காட்டாது. ஒரே வீடியோவ ஒரே சொஃப்ட்வெயார்ல ரெண்டு மெஷின்லயும் எக்ஸ்போட் பண்ணி நேரம் காட்டுற ஆளத்தான் நான் நம்புவன். ரெம்மையும் பாருங்க, சில நேரம் ரிவியூக்கு வந்ததில ரெண்டு ஸ்டிக் போட்டிருக்கும், கடைக்கு வாறதில ஒண்டுதான் இருக்கும், சினிபெஞ்ச்ல அது பெரிசா தெரியாது ஆனா தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷின்ல கேம் போட்டா நல்லா அடி வாங்கும். சார்ஜர் கழட்டி ஓட்டினாங்களா எண்டதையும் கேளுங்க, கெம்பஸ்ல எந்த நேரமும் பிளக் கிடைக்காதே.

டொக்யார்ட் ரோட் ரிப்பெயார்:
அக்கா சொன்ன ரெம் விசயம் முக்கியம். கிராஃப் பாக்கேக்க கீழ எந்த நம்பர்ல தொடங்குது எண்டும் பாருங்க தம்பி, 90ல தொடங்கினா 95க்கும் 100க்கும் இடையில டபுள் வித்தியாசம் மாதிரி கண்ணுக்கு தெரியும். ஓடர் பண்ண முதல் கடைக்காரர்ட்ட அந்த மாடல் நம்பர் முழுசா, ரெம் எத்தின ஸ்டிக், கிராஃபிக்ஸ் எத்தின வோட் எண்டு மெசேஜ்ல எழுதி வாங்குங்க. சாமான் வந்த அண்டைக்கே சார்ஜர் போட்டு 10 நிமிசம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட சொஃப்ட்வெயார்ல பவரையும் சூட்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்க, சொன்னதுக்கு குறைவா இருந்தா மாத்தி கேக்க கையில ஆதாரம் இருக்கும்.