தாத்தாவின் 375 மேக்னம் ரைஃபிள் கைக்கு வந்திருக்கிறது, நம்பலாமா? பெரிய போர் (குழல் விட்டம்) துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

ராயக்கோட்டை ரோடு கேட்டது:

வணக்கம். பெரியப்பா காலமான பிறகு, தாத்தா வாங்கிய 375 எச் அண்ட் எச் மேக்னம் ரைஃபிள் என் பெயருக்கு மாறியிருக்கிறது. வாரிசுச் சான்று, பங்காளிகளிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து, கலெக்டர் ஆபீசுக்கு நடை, எல்லாம் முடிந்து டெபாசிட்டில் கிடந்ததை இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பழைய லைசென்ஸ் புத்தகங்களைப் பார்த்தால் முதலில் சேலம் ஜில்லா, 1965க்கு அப்புறம் தர்மபுரி, 2004க்கு அப்புறம் கிருஷ்ணகிரி. வீடு அதே வீடு, கலெக்டர்தான் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போல்ட் ஆக்‌ஷன், மவுசர் 98 வகை, பக்கவாட்டில் தோட்டாவைப் பிடித்து இழுக்கிற நீளமான நகம் இருக்கிறது. பேரலில் பர்மிங்காம் புரூஃப் முத்திரை (சோதித்துப் பார்த்ததற்கான அடையாளம்). உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ரைஃபிளிங் வரிகள் (குண்டைச் சுழலவைக்கிற பள்ளங்கள்) தெளிவாகத் தெரிகின்றன, ஆனால் தோட்டா உட்காரும் இடத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் மட்டும் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கிறது. துப்பாக்கியின் மரக் கட்டையில், போல்ட்டுக்குப் பின்னால் ஆக்‌ஷன் முடிகிற இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல், கை பிடிக்கிற மணிக்கட்டுப் பக்கமாக இறங்குகிறது. கூடவே கைநாக் என்ற ஆங்கிலக் கம்பெனியின் தோட்டா பெட்டிகள், ஒரு சிலதில் பித்தளை மேல் பச்சைக் களிம்பு.

வேட்டைக்குப் போகிற எண்ணமெல்லாம் இல்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எனக்கும் தெரியும். வைத்திருக்கிறவர்கள் அனுபவம்தான் வேண்டும். இந்த வயதுத் துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யுமா, தோட்டா சிக்குமா, உதை எப்படி, ரேஞ்சில் எப்போதாவது சுட ஆசைப்பட்டால் என்ன பார்க்க வேண்டும்? சித்தப்பா விற்றுவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

---

சந்தூர் மாங்கா:

உங்கள் சித்தப்பா கட்சிதான் நான், கோபப்படாதீர்கள். என்னிடம் இருப்பது 315 போர் ரைஃபிள். நம்ம நாட்டிலேயே செய்கிறார்கள், தோட்டாவும் இங்கேயே தயாராகிறது, 244 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, கடைக்குப் போய் லைசென்சைக் காட்டினால் கிடைத்துவிடும். மாந்தோப்புக் காவலுக்கு என்று அப்பா வாங்கியது, இதுவரை சுட வேண்டியபோது சுடாமல் விட்டதில்லை. 375க்குத் தோட்டா தேடி நீங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அலைய வேண்டும், கிடைத்தாலும் ஒரு தோட்டா விலையைக் கேட்டு வாயைப் பிளப்பீர்கள். சுட முடியாத துப்பாக்கி நம்பகமானதா இல்லையா என்று பேசி என்ன செய்ய?

இன்னொன்று. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரையாக வந்தாலும் அந்தக் கணக்குக்குள்தான். இதற்கு ஒரு இடத்தைக் கொடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுதான், யோசித்துக்கொள்ளுங்கள்.

---

தளி பழைய ஆள்:

மாங்கா தம்பி சொல்வது தோட்டா விஷயத்தில் சரி, விற்கச் சொல்வது சரியில்லை. எங்கள் குடும்பத்தில் 404 ஜெஃப்ரி ஒன்றும், மைத்துனர் வீட்டில் 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் வருஷக்கணக்காகத் துடைத்து, எண்ணெய் போட்டு, அவ்வப்போது சுட்டும் பார்த்த ஆள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரும்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 375 வந்தது 1912இல். அன்றைக்கு மருந்து கார்டைட், பார்க்க சேமியா மாதிரி நீள நீளமாக இருக்கும், வெயிலில் சூடேறினால் அழுத்தம் ஏறிவிடும். அழுத்தம் ஏறினால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, அது உட்காரும் சேம்பரைப் பிடித்துக்கொண்டு வராது, எதிரே மிருகம் நிற்கும்போது போல்ட் திறக்காவிட்டால் கதை முடிந்தது. அதற்காகவே 375 கூட்டை நல்ல சரிவாக வைத்தார்கள், கொஞ்சம் நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிவிடும். 404, 416 ரிக்பி போன்றவற்றில் கூட்டைப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைத்தார்கள். இந்தியா, ஆப்பிரிக்கா வெயிலை நினைத்துச் செய்த சாமான்கள் இவை, கிருஷ்ணகிரி சித்திரை வெயில் இவற்றுக்குப் புதிதல்ல. என் 404இல் கூடு சிக்கியதே கிடையாது.

நீங்கள் சொன்ன அந்த மங்கல், தொண்டை தேய்மானம். கார்டைட் அளவுக்கு மீறிய சூட்டில் எரியும், சேம்பருக்கு முன்னால் இருக்கும் ரைஃபிளிங்கைத்தான் முதலில் தின்னும். அது கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் வேட்டை ரைஃபிளுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது, நூறு கஜத்தில் உள்ளங்கைக்குள் விழுந்தால் போதும் என்று செய்த துப்பாக்கி. சொரசொரப்பு வேறு கதை. பழைய தோட்டாக்களின் அடியில் தீப்பொறி கிளப்பும் கேப்பில் குளோரேட் உப்பு உண்டு, சுட்ட பிறகு பேரலில் படிந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் அது போகாது, கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கழுவி, நன்றாக உலரவிட்டு, அப்புறம்தான் எண்ணெய். அந்தக் காலத்து ஷிகாரி ஆட்கள் சாயங்காலம் முகாமில் முதலில் செய்தது அதைத்தான். உங்கள் தாத்தாவும் முக்கால்வாசி நாள் செய்திருக்கிறார், இல்லாவிட்டால் வரி தெரியுமா?

அந்தக் கைநாக் தோட்டாக்களைச் சுடாதீர்கள். அந்தக் கம்பெனி பெரிய போர் தோட்டாக்களை 1960களில் கைவிட்டது, 1990களில் வேறு ஆட்கள் அதே பெயரில் மறுபடி ஆரம்பித்தார்கள். உங்களுடையது தாத்தா வாங்கியது என்றால் பழசுதான். பச்சைக் களிம்பு ஏறிய பித்தளை பலவீனமாகியிருக்கும், கழுத்தில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், இருக்கும். மைத்துனரின் 470இல் பழைய தோட்டா போட்டோம். டிரிகரை இழுத்ததும் கொக்கி விழுந்தது, டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், துப்பாக்கியைத் திறக்கப் போன பையனின் கையை நான் பிடித்துக்கொண்டேன், அப்புறம் டமால்! இதுதான் ஹேங்ஃபயர். கொக்கி விழுந்து வெடிக்காவிட்டால் முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள்.

இரட்டைக்குழல் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி ஒரு குறிப்பிட்ட எடைக் குண்டுக்கும் வேகத்துக்கும் ஏற்பச் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். 470க்கு 500 கிரெயின், நொடிக்கு 2,150 அடி. வேறு ஏதாவது போட்டால் இடது குழல் ஒரு பக்கம், வலது குழல் ஒரு பக்கம் போகும், துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். (470 பிறந்த கதையே நம்ம ஊர்க் கதைதான். 1907 வாக்கில் 450 போரை இந்தியாவில் வெள்ளைக்காரன் தடை செய்தான், கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவ ரைஃபிளுக்கு அந்தத் தோட்டா உதவிவிடும் என்ற பயம். அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் 465, 470, 475 எல்லாம் கிளம்பின.)

---

ஊத்தங்கரை டு அருஷா:

அண்ணன் எழுதியதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை, இந்தப் பக்கத்து விஷயத்தைச் சேர்க்கிறேன். நான் தான்சானியாவில் சஃபாரி கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன், வேட்டைக்காரன் இல்லை, ஆனால் இங்கே வேட்டை சட்டப்படி நடக்கிற தொழில், தினமும் துப்பாக்கிகளைப் பார்க்கிறேன். எருமை, யானைக்கு 375தான் குறைந்தபட்சம், அதற்குக் கீழே அனுமதி கிடையாது. வாடகைக்குக் கொடுக்கிற ரைஃபிள்களில் அதிகம் தேய்வதும் 375தான், எல்லோராலும் சுட முடிவதால். 300 கிரெயின் குண்டு நொடிக்கு 2,500 அடி சொச்சம். உதை 30-06 என்ற சாதாரண வேட்டை ரைஃபிளைப் போல இரண்டு மடங்கு இருக்கும், ஆனால் தோளைத் தள்ளுகிற மாதிரிதான் வரும். அதைவிடப் பெரிய 458 அப்படி இல்லை, அறையும். இரண்டு மூன்று சுட்டதும் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் துப்பாக்கி சரியில்லை என்று புகார்.

458 வின்செஸ்டர் 1956இல் வந்தது, அதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. குட்டைக் கூட்டில் மருந்தை அமுக்கி நிரப்பினார்கள், சில பழைய தோட்டாக்களில் அது கட்டியாகி ஒழுங்காக எரியாமல் வேகம் பாதாளத்துக்குப் போனது. அதில் அடிபட்ட ஜாக் லாட் என்ற வேட்டைக்காரர் கூட்டை நீட்டி 458 லாட் என்று ஒன்றை 1971இல் கொண்டுவந்தார். இன்றைய தோட்டாவில் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ராயக்கோட்டையாரே, உங்கள் துப்பாக்கியில் அந்த நகம் இருக்கிறதே, அதுதான் அதன் சொத்து. மேகசினிலிருந்து மேலேறும் தோட்டாவின் விளிம்பு அதற்குள் வழுக்கி உட்கார்ந்துவிடும், துப்பாக்கி தலைகீழாக இருந்தாலும் விழாது. ஆனால் தோட்டாவை நேராக சேம்பருக்குள் போட்டு போல்ட்டை அறைந்து மூடாதீர்கள், பல மவுசர்களில் நகம் சில்லு பெயர்ந்துவிடும். எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள். இன்னொன்று, மேகசினின் அடித்தட்டைப் பாருங்கள். சில பெரிய போர்களில் சுடும் அதிர்ச்சியில் தாழ்ப்பாள் விட்டுவிடும், தோட்டாவெல்லாம் காலடியில் கொட்டும். எருமைக்கு முன்னால் அப்படி நின்ற ஒரு ஜெர்மன்காரரின் முகத்தை ஆபீசில் எல்லோரும் இன்னும் நடித்துக் காட்டுவார்கள்.

---

ராயக்கோட்டை ரோடு:

தளி ஐயா, அருஷா தம்பி, நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஐயா சொன்னபடியே சில தோட்டாக்களின் கழுத்தில் கோடு ஓடுகிறது. தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அடித்தட்டு கெட்டியாக இருக்கிறது. கட்டைக் கீறலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் பக்கம் ஒரு மரவேலைக்காரர் ஃபெவிக்கால் ஊற்றி கிளாம்ப் போட்டால் போதும் என்கிறார்.

---

அரூர் வேட்டைக்குடும்பம்:

ஃபெவிக்கால் வேண்டவே வேண்டாம். கீறல் எதனால் வந்தது என்று முதலில் பாருங்கள். ஆக்‌ஷனுக்கு அடியில் ஒரு தடித்த இரும்புப் பல் இருக்கும், சுடும்போது வருகிற உதையை முழுக்க அதுதான் கட்டையின் மேல் இறக்க வேண்டும். ஐம்பது அறுபது வருஷத்தில் வால்நட் மரம் வற்றிச் சுருங்கும், எண்ணெய் குடித்து மெதுவாகவும் ஆகிவிடும், பல்லுக்குப் பின்னால் இடைவெளி விழும். அப்புறம் ஆக்‌ஷனின் வால் முனை ஆப்பு வைத்த மாதிரி மணிக்கட்டை நெட்டித் திறக்கும். ஆகவே பல்லுக்குப் பின்னால் எபாக்சி போட்டு அழுத்தமாக உட்காரவைத்து, வால் முனைக்குப் பின்னால் காகித கனத்துக்கு இடைவெளி விட்டு, கட்டைக்குக் குறுக்கே ஒரு போல்ட் போட வேண்டும். துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள ஆளிடம்தான் கொடுக்கணும், மரவேலைக்காரரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தால் அதுவே கேஸ். அதுவரை ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள், 375 ஒரே சுடலில் கட்டையை இரண்டாக்கிவிடும்.

எங்களிடம் இருப்பதும் 375தான், அதனால் இன்னொரு விஷயம். தேர்தல் வந்தால் டெபாசிட் செய்யச் சொல்வார்கள், தெரியும்தானே. போன முறை எங்களுடையது ஒரு மூலையில் ஈரச் சுவரில் சாத்தியபடி நின்று, திரும்பி வரும்போது பேரலின் அடிப்பக்கம் முழுக்கக் காவி நிறம். எந்த இடம் என்று சொல்லி லாபமில்லை. கொடுக்கும் முன் உள்ளேயும் வெளியேயும் கெட்டியான கிரீஸ் பூசி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ரசீதில் நிலை என்ன என்று எழுதி வாங்குங்கள். வீட்டிலும் தோல் உறையில் போட்டுப் பீரோவுக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தேங்காய் எண்ணெய் போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது, நாளடைவில் பிசினாகி போல்ட் ஸ்பிரிங்கை மந்தமாக்கிவிடும், அப்புறம் கொக்கி பலமாக விழாது.

---

சந்தூர் மாங்கா:

இவ்வளவு பாடுபட்டு வைத்துக்கொண்டு ராகிக் காட்டுக்கு ஆனை வந்தால் இதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள் என்று சித்தப்பா சார்பில் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் பன்றியைச் சுட்டுவிட்டு இன்றுவரை கோர்ட்டுக்கு நடக்கிறார். பயிருக்குப் பாதுகாப்பு என்று லைசென்சில் எழுதியிருந்தால் சுடலாம் என்று நினைத்துவிட்டார்.

---

தளி பழைய ஆள்:

மாங்கா தம்பி இந்த இடத்தில் நூற்றுக்கு நூறு சரி. ஆனைக்குப் பட்டாசும் வனத்துறைக்குப் போனும்தான்.

போர் பெரிதாக இருக்கணும் என்ற மோகமும் வேண்டாம். நம்ம ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் நம்பியது 405 வின்செஸ்டரை, 1895 மாடல், லீவர் ஆக்‌ஷன். காகிதத்தில் உங்கள் 375க்குக் கீழேதான் வரும்.

ராயக்கோட்டைத் தம்பிக்கு: ஒதுக்கி வைத்த தோட்டாக்களைக் கிணற்றிலோ குழியிலோ போடாதீர்கள். உங்கள் லைசென்சில் ஏறிய எண்ணிக்கை அது. கலெக்டர் ஆபீசுக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லுகிற இடத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, புத்தகத்தில் கழித்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நல்ல கூடுகளை மருந்து, கேப் எடுத்த பிறகு ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் அங்கேயே கேளுங்கள், நீங்களாகப் பிரிக்க வேண்டாம். கட்டை வேலை முடிந்ததும் படம் போடுங்கள்.