புதுப்பிப்பு: பெரியப்பாவின் மொறிஸ் மைனரும் சிவப்புக் கோடும்

கிளிநொச்சியில் நிற்கும் பெரியப்பாவின் பழைய மொறிஸ் மைனர் காரில் உள்ள சிவப்புக் கோடு கொம்பனி அடித்ததா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இல்லை. கதவு றப்பரைக் கழற்றினேன்: அடியில் கறுப்பு, அதன்மேல் பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே இப்போதைய வெள்ளை. கோடு அந்த வெள்ளைக்கு மேலே ஓடுகிறது. நகத்தால் தடவினால் இரண்டு ஓரத்திலும் மேடு தட்டுப்படுகிறது. ரேப் (ஒட்டுநாடா) ஒட்டி அடித்த வேலை. தின்னர் தொட்ட சீலையால் துடைத்தேன், சிவப்பு அப்படியே சீலையோடு வந்துவிட்டது.

ரோல்ஸ் ரொய்ஸில் இன்றைக்கும் அணில் மயிர்த் தூரிகையால் கையாலேயே கோடு இழுக்கிறார்கள். நமக்கு ரேப்!

“மண்ணெண்ணெயில் ஓடின காலத்தில ஆர் கோட்டைப் பார்த்தது?” என்கிறார் பெரியப்பா, பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தை நினைத்து. சரி, கறுப்புக்கே திரும்பப் போகிறோம். றப்பருக்கு அடியில் உள்ளதை மட்டும் சுரண்டாமல் விட்டிருக்கிறேன், நிறம் ஒப்பிட.